மணிக்கட்டு மூட்டுக் கோணல்: கண்டறிதல், பதிவு செய்தல், சிகிச்சை

மணிக்கட்டு தன் இயல்பான வடிவத்தை இழந்து பின்புறமாகவோ உள்ளங்கைப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ சாய்ந்து நிற்கும் நிலை மணிக்கட்டு உருக்குலைவு எனப்படும். மக்கள் பேச்சில் இது ‘கை கோணிவிட்டது’, ‘மணிக்கட்டு பிசகிவிட்டது’ என்று பல விதமாகக் கூறப்படுகிறது. இக்கட்டுரையில் ‘கோணல்’ என்ற எளிய சொல்லே பயன்படுத்தப்படுகிறது. பிறவியிலேயே அமைவது, வளரும் பருவத்தில் தோன்றுவது, மூட்டுவாதத்தால் மெல்ல உருவாவது, நரம்பு செயலிழப்பதால் ஏற்படுவது எனக் கோணலுக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் கோணிய கையுடன் வருவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்பது ஒரே வரலாறுதான்: சில வாரங்களுக்கு முன் கையூன்றி விழுந்தார், வீங்கியது, ஒரு கட்டுப் போட்டார், வலி குறைந்தது, கட்டைப் பிரித்துப் பார்த்தபோது கை நேராக இல்லை.

இத்தகைய கோணல்களில் பெரும் பகுதி விழுந்த நொடியிலேயே முடிவாகிவிடுவதில்லை. விழுந்த நாளுக்கும் அடுத்த இரண்டு வாரங்களுக்கும் இடையே, வெளியில் தெரியாமல், கட்டுக்குள்ளேயே அது உருவாகிறது. அந்த இடைவெளியில் எடுக்கப்படும் ஓர் எக்ஸ்ரே அதைத் தடுக்கக்கூடும். இது நோயாளிகளும் பராமரிப்பவர்களும் முதலில் அறிய வேண்டிய செய்தி.

கையூன்றி விழும்போது நடப்பது

முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இரண்டு எலும்புகள் உள்ளன. கட்டைவிரல் பக்கம் இருப்பது ரேடியஸ். சுண்டுவிரல் பக்கம் இருப்பது அல்னா. இவற்றின் கீழ்முனையோடு இரு வரிசையாக அமைந்த எட்டுச் சிறிய எலும்புகள் சேர்ந்து மணிக்கட்டு ஆகின்றன. விழும்போது நாம் நம்மை அறியாமலே கையை நீட்டி ஊன்றுகிறோம். உடலின் எடை முழுவதும் ரேடியஸின் கீழ்முனையில் இறங்குகிறது. அந்த முனை அகன்றதும் பஞ்சு போன்ற உள்ளமைப்பு உடையதும் ஆகையால் அங்கேதான் எலும்பு முறிகிறது. முறிந்த துண்டு பின்புறமாகத் தள்ளப்பட்டு, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது கை ஒரு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போலத் தோன்றும். அயர்லாந்தின் டப்ளின் நகரைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் இதை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கையின் வடிவத்தை மட்டும் பார்த்து அவர் எழுதியது இன்றும் பொருந்துகிறது. மருத்துவச் சீட்டில் ‘காலிஸ் முறிவு’ என்று எழுதப்பட்டிருந்தால் அது இதுவே.

இப்பகுதியில் இம்முறிவுக்கு வாய்ப்புகள் மிகுதி. அதிகாலையில் ஜீப்களில் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் தென்மேற்குப் பருவமழை நனைத்த சரிவுகளில் நாள் முழுவதும் குனிந்து வேலை செய்கின்றனர். பாசி படிந்த ஒரு கல்லில் கால் வழுக்கினால் போதும். வாய்க்கால் வரப்பில் நடப்போர், தென்னையிலும் புளியமரத்திலும் ஏறுவோர், மலைச்சாலையில் இருசக்கர வாகனம் ஓட்டுவோர் ஆகியோருக்கும் இதே ஆபத்து உண்டு. மரத்திலிருந்து விழுந்தவருக்குக் கை வலி பெரிதாக இருந்தாலும் முதுகெலும்பையும் இடுப்பையும் கட்டாயம் பரிசோதிக்க வேண்டும். கைவலி மற்ற வலிகளை மறைத்துவிடும்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு மற்றொரு செய்தி உண்டு. நின்ற நிலையில் இருந்து தரையில் விழுந்ததற்கே மணிக்கட்டு முறிகிறது என்றால், எலும்பு வலுவிழந்திருக்கலாம். எலும்புத் தேய்மான நோயின் முதல் அடையாளமாக மணிக்கட்டு முறிவு அமைவதுண்டு. அதைக் கவனிக்காமல் விட்டால் பிற்காலத்தில் இடுப்பு எலும்போ முதுகெலும்போ முறியும் வாய்ப்பு கூடுகிறது. கையைக் காட்ட வந்தபோதே எலும்பின் அடர்த்தி, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவை குறித்தும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.

விழுந்தவுடன் செய்ய வேண்டியவை எளியவை. மோதிரத்தையும் வளையலையும் உடனே கழற்ற வேண்டும். அரைமணி நேரம் கழித்து வீக்கம் அதைச் செய்ய விடாது. ஓர் அட்டையையோ மடித்த செய்தித்தாளையோ கைக்கு அடியில் வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டி, கையை மார்பு மட்டத்தில் தூக்கி வைத்தபடி மருத்துவமனைக்கு வரவும். எண்ணெய் தேய்த்து உருவிவிடக் கூடாது. முறிந்த எலும்பின் விளிம்பு நரம்பையும் தசைநாணையும் கிழிக்கக்கூடும்.

முதல் இரண்டு வாரங்கள்

இடம் பெயர்ந்த முறிவாக இருப்பின், மரத்துப்போகும் ஊசி செலுத்தி எலும்பை இழுத்துச் சரியான நிலைக்குக் கொண்டுவந்து மாவுக்கட்டுப் போடப்படும். அடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நேராகத் தெரியும். நோயாளி நிம்மதியுடன் வீடு திரும்புவார். ஆனால் மூன்று நான்கு நாட்களில் வீக்கம் வடிகிறது. வீங்கிய கைக்கு அளவாகப் போடப்பட்ட கட்டு இப்போது தளர்கிறது. நொறுங்கிய எலும்பு மெல்ல மெல்லப் பழைய சாய்வுக்கே நழுவுகிறது. இதில் பெரிய வலி எதுவும் இராது. அதனால்தான் 7ஆம் நாளை ஒட்டியும் 14ஆம் நாளை ஒட்டியும் மீண்டும் எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறோம். அப்போது நழுவல் தெரிந்தால் மீண்டும் இழுத்துச் சரிசெய்யலாம். கம்பி செலுத்தியோ பிளேட்டு வைத்தோ நிலைநிறுத்தலாம். மூன்றாம் வாரத்துக்குப் பின் புதிய எலும்பு படியத் தொடங்கிவிடும். அதன்பின் கையால் இழுத்துச் சரிசெய்வது இயலாது.

வராமல் போவதற்குக் காரணம் அலட்சியம் அன்று என்பதை நாங்கள் அறிவோம். கை முறிந்ததால் கூலி நின்ற வீட்டில், மருத்துவமனைக்கு உடன் வருபவரின் ஒரு நாள் கூலியும் போகிறது. ‘வலி இல்லையே, ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரிக்கப் போகலாம்’ என்று தோன்றுவது இயல்பே. ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்ற நிலை இருந்தால், முதல் வாரத்தின் முடிவில் வரும் நாளைத் தவறவிட வேண்டாம். ஏழாம் நாளில் நழுவல் கண்டுபிடிக்கப்பட்டால் செய்ய வேண்டியது சிறிது. ஏழாம் வாரத்தில் கண்டுபிடிக்கப்பட்டால் எலும்பை வெட்டித் திருத்த வேண்டியிருக்கும்.

முதல் எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாத முறிவும் உண்டு. கட்டைவிரலை விரித்துத் தூக்கும்போது அதன் அடியில் ஒரு சிறு குழி தோன்றும். விழுந்த பின் அவ்விடத்தை அழுத்தினால் வலிக்கிறது என்றால் ஸ்கேஃபாய்ட் என்னும் சிறிய எலும்பு முறிந்திருக்கலாம். இளைஞர்கள் கபடி ஆடியோ வண்டியிலிருந்தோ விழும்போது இது நேர்கிறது. சுளுக்கு என்று விட்டுவிட்டால் அந்த எலும்பு சேராமலே இருந்து, சில ஆண்டுகளில் மணிக்கட்டு முழுவதும் சரிந்து தேயும். படம் சரியாக உள்ளது என்று சொன்ன பிறகும் கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களில் மறுபடியும் படம் எடுக்க மருத்துவர் அழைத்தால் அது வீண் அலைச்சல் அல்ல.

மாவுக்கட்டுப் போட்ட நாளிலிருந்தே விரல்களை முழுமையாக மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும். கட்டுப் போட்ட கையைப் பயந்து அசைக்காமல் வைத்திருந்து, எலும்பு நன்கு சேர்ந்தும் விரல்கள் விறைத்துப்போனவர்களைப் பார்க்கிறோம். என் கருத்தில் சற்றே கோணிய, ஆனால் விரல்கள் நன்கு மடங்கும் கை, நேரான விறைத்த கையைவிட வீட்டுக்கும் தோட்டத்துக்கும் பயனுள்ளது.

இறுக்கமான கட்டு: இரவோடு இரவாக வர வேண்டிய நிலை

நாட்டு வைத்தியரிடம் மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பூசிக் கட்டிக்கொள்வது இப்பகுதியில் நெடுங்கால வழக்கம். இடம் பெயராத எளிய முறிவு எந்தக் கட்டிலும் சேர்ந்துவிடும். அந்த நற்பெயர் அப்படி வந்ததே. இங்கே நாம் கவனிக்க வேண்டியது கட்டுபவர் யார் என்பதை அன்று, கட்டின் இறுக்கத்தை. மருத்துவமனையில் போடும் மாவுக்கட்டிலும் இதே ஆபத்து உண்டு.

முறிவுக்குப் பின் கை வீங்கிக்கொண்டே போகும், கட்டு விரிவதில்லை. உள்ளே அழுத்தம் ஏறித் தசைகளுக்கு இரத்தம் செல்வது நின்றுவிடும். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு மேல் இந்நிலை நீடித்தால் முன்கைத் தசைகள் மடியத் தொடங்கும். மடிந்த தசை பின்னர் நார் போல் சுருங்கி, மணிக்கட்டை உள்ளே வளைத்து, விரல்களைக் கொக்கி போல மடக்கிவிடும். ஜெர்மானிய மருத்துவர் வோல்க்மன் 1881இல் விளக்கிய இந்தச் சுருக்கம், எலும்பு நன்றாகச் சேர்ந்த கையையும் வாழ்நாள் முழுவதும் பயனற்றதாக்கும். முழங்கைக்கு மேல் எலும்பு முறிந்த குழந்தைகளுக்கு இந்த ஆபத்து மிகுதி.

இதன் அடையாளம் வலி. கட்டுப் போட்ட பின் வலி குறைய வேண்டும். மாறாகக் கூடிக்கொண்டே போனால், மாத்திரைக்கு அடங்காவிட்டால், மற்றொருவர் விரலை மெல்ல நீட்டிவிடும்போது முன்கையில் தாங்க முடியாத வலி எழுந்தால், காலை வரை காத்திருக்கக் கூடாது. விரல்கள் மரத்துப்போவதும் நீலம் பாய்வதும் வெளிறுவதும் அதற்கும் பிந்திய அடையாளங்கள். நாடித் துடிப்பு இருக்கிறது என்பதை வைத்து ஆறுதல் கொள்ளவும் கூடாது. மருத்துவமனை தொலைவில் இருந்தால் 108 ஆம்புலன்சை அழைக்கவும். நாட்டுக் கட்டாக இருப்பின் அதை வீட்டிலேயே அவிழ்த்துத் தளர்த்திவிட்டுப் புறப்படவும். எலும்பு நகர்ந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். எலும்பைப் பிறகு சரிசெய்யலாம்; தசையைச் சரிசெய்ய முடியாது.

குழந்தைகளின் மணிக்கட்டு

குழந்தையின் எலும்பு, பெரியவரின் எலும்பைவிடத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் ஆற்றல் உடையது. பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் மணிக்கட்டு அருகே உள்ள சிறு கோணல், வளர வளர ஓரிரு ஆண்டுகளில் தானே நிமிர்வதைப் பெற்றோர் வியப்புடன் காண்பர். ஆயினும் முறிவு வளர்ச்சித் தட்டின் வழியே சென்றிருந்தால் கதை வேறு. அந்தத் தட்டு சேதமடைந்தால் ரேடியஸ் வளர்வதை நிறுத்தும். அல்னா மட்டும் நீண்டுகொண்டே போய் மணிக்கட்டை ஒரு பக்கமாகத் தள்ளும். ஆகவே இத்தகைய குழந்தைகளை வலி போன பிறகும் குறைந்தது ஓராண்டு வரை இடைவெளி விட்டுக் காட்ட வேண்டும். 10 நாள் கடந்து வந்த குழந்தையின் வளர்ச்சித் தட்டு முறிவை மீண்டும் வலிந்து இழுப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பர். இழுப்பதே அத்தட்டைச் சேதப்படுத்தும். ‘ஏன் ஒன்றும் செய்யவில்லை’ என்று பெற்றோர் மனம் வருந்த வேண்டாம்.

விழாமலே, எட்டு முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தைகளில் சிலருக்கு இரு மணிக்கட்டுகளிலும் அல்னாவின் முனை பின்புறம் முண்டு போலத் துருத்தத் தொடங்கும். இது மேடலுங் கோணல் எனப்படும். வலியில்லாதபோது கண்காணிப்பு போதும். வலியும் அசைவுக் குறைவும் சேர்ந்தால் அறுவை சிகிச்சை உண்டு. தவழும் வயதுக் குழந்தையின் மணிக்கட்டு தடித்து, கால்களும் வளைந்திருந்தால் வைட்டமின் டி குறைபாட்டால் வரும் ரிக்கெட்ஸ் நோயா என்று பார்க்க வேண்டும். அது மருந்தால் குணமாவது. கட்டோ அறுவையோ முதலில் தேவைப்படுவதில்லை.

பிறந்த குழந்தையின் கை கட்டைவிரல் பக்கமாக வளைந்து, கட்டைவிரல் சிறுத்தோ இல்லாமலோ இருந்தால் ரேடியஸ் எலும்பு முழுமையாக உருவாகவில்லை என்று பொருள். கிரகணத்தின்போது தாய் வெளியே வந்ததாலோ கத்தியைத் தொட்டதாலோ இது வருவதில்லை. தாயைக் குறை கூறுவது அவரை மருத்துவமனையிலிருந்து விலக்கிவிடும். குழந்தைக்கு வேண்டிய முதல் மாதங்கள் அவ்வாறே கழிந்துவிடும். கை உருவாகும் அதே கருக்காலத்தில் இதயமும் சிறுநீரகமும் உருவாவதால், இக்குழந்தைகளுக்கு இதய எக்கோ, வயிற்று ஸ்கேன், இரத்த அணுக்கள் பரிசோதனை ஆகியவை கட்டாயம். ஃபான்கோனி இரத்தசோகை என்னும் மரபு நோய் இதனுடன் சேர்ந்து வரலாம். நெருங்கிய உறவில் திருமணம் செய்த பெற்றோரின் குழந்தைகளுக்கு இத்தகைய மரபு நோய்களின் வாய்ப்பு கூடுதல். எனவே அடுத்த கருவுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுவது நல்லது.

சிகிச்சை முதல் வாரத்திலேயே தொடங்குகிறது: தாய் ஒவ்வொரு முறை பாலூட்டும்போதும் செய்யக்கூடிய மென்மையான நீட்டுப் பயிற்சி, பின்னர் தொடர் மாவுக்கட்டுகள், சிறு தாங்கிகள். ஏறக்குறைய ஒரு வயதை ஒட்டிக் கையை முன்கையின் நடுவுக்குக் கொண்டுவரும் அறுவையும், அதன்பின் தேவைப்பட்டால் சுட்டுவிரலைக் கட்டைவிரலாக மாற்றும் அறுவையும் செய்யப்படும். தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும்போது குழந்தையைக் காட்டினால், மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்குப் பரிந்துரைப்பர். குழு வரும் வரை காத்திராமல் நேரடியாகவும் செல்லலாம்.

விழாமலே கோணும் பெரியவர்களின் கை

இரு மணிக்கட்டுகளும் ஒருசேர வீங்கி, காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாத விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், அது முடக்குவாதமாக இருக்கலாம். வேலை செய்த களைப்பு என்று வலி மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டிருந்தால் வலி அடங்கும். மூட்டை அரிப்பது அடங்காது. வீக்கம் தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே நோயைக் கட்டுப்படுத்தும் மருந்துகளைத் தொடங்கினால் கோணலைத் தடுக்கலாம். இம்மருந்துகளில் முதன்மையான மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டியது. நாள்தோறும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை மருந்து அட்டையின் மேலேயே எழுதி வைக்கவும். கருவுற விரும்பும் பெண்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் கூற வேண்டும்.

மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கினால் அது பெரும்பாலும் எலும்பின் கோளாறு அன்று. ரேடியல் நரம்பின் செயலிழப்பு. மேற்கை எலும்பு முறிவோ, நாற்காலிக் கைப்பிடியில் கையைத் தொங்கவிட்டு ஆழ்ந்து உறங்குவதோ காரணமாகலாம். மது அருந்தி உறங்கி எழுந்தோரிடம் இதைக் காண்கிறோம். அழுத்தத்தால் வந்தது எனில் தாங்கி அணிந்து பயிற்சி செய்தால் சில மாதங்களில் பெரும்பாலும் மீளும். ஆனால் கையுடன் வாய் கோணுதலும் பேச்சுக் குழறலும் சேர்ந்திருந்தால் பக்கவாதம் என்று கொண்டு உடனே 108ஐ அழைக்க வேண்டும்.

தோலில் உணர்ச்சியற்ற வெளிர் தேமலும், கையில் மரத்துப்போதலும், விரல்கள் மடங்கத் தொடங்குதலும் தொழுநோயின் அடையாளங்கள். இதற்கான கூட்டு மருந்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். தொழுநோயால் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்க வைக்கலாம் என்பதை உலகுக்குக் காட்டியவர்களில் முதன்மையானவர், 1940களின் இறுதியில் வேலூரில் பணியாற்றிய மருத்துவர் பால் பிராண்ட். வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த நாணுடன் இணைக்கும் அதே கோட்பாடு இன்று தொங்கும் மணிக்கட்டைத் தூக்கவும் பயன்படுகிறது.

மருத்துவர் பார்ப்பதும் எழுதி வைப்பதும்

கோணலைப் பதிவு செய்வது அலுவலகச் சடங்கு அன்று. இன்றைய அளவு இல்லாமல், மூன்று மாதம் கழித்துக் கை தேறியதா மோசமானதா என்று எவராலும் சொல்ல முடியாது.

மருத்துவர் இரு கைகளையும் சேர்த்தே பார்ப்பார்; நோயாளியின் நல்ல கையே அவருக்கான அளவுகோல். கோணமானி என்னும் கருவியால் மணிக்கட்டு எவ்வளவு மடங்குகிறது, எவ்வளவு நிமிர்கிறது, இரு பக்கமும் எவ்வளவு சாய்கிறது என்று அளந்து எழுதுவார். இயல்பான மணிக்கட்டு ஏறக்குறைய 80 டிகிரி மடங்கும். 70 டிகிரி நிமிரும். ஆனால் உண்பது, உடுத்துவது போன்ற பெரும்பாலான அன்றாட வேலைகளுக்கு இரு திசையிலும் 40 டிகிரி இருந்தாலே போதும். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்ப முடிகிறதா என்பதையும் பார்ப்பார். சோற்றை அள்ளி வாய்க்குக் கொண்டுபோவதற்கும், மிச்சச் சில்லறையை வாங்குவதற்கும் அந்தத் திருப்பம் தேவை. அது இழந்த பிறகே பலருக்கு அதன் அருமை தெரிகிறது. பிடிவலிமையை அளக்கத் தனிக் கருவி உண்டு. அது இல்லாத இடத்தில் இரத்த அழுத்தக் கருவியின் பட்டையைச் சுருட்டி, சிறிது காற்று நிரப்பி, அழுத்தச் சொல்லி அளவைக் குறிப்போம். விரல் நுனிகளின் உணர்ச்சியும் பார்க்கப்படும். கோணிய எலும்பு நடுநரம்பை அழுத்தி, இரவில் விரல்கள் மரத்து எரிவதற்குக் காரணமாவதுண்டு.

எக்ஸ்ரே நேராகவும் பக்கவாட்டிலும் என இரண்டு கோணங்களில் தேவை. ஒரு கோணப் படத்தை மட்டும் வைத்து மணிக்கட்டு நேராக உள்ளது என்று கூற முடியாது. பக்கவாட்டுப் படத்தில் ரேடியஸின் மூட்டுப் பரப்பு உள்ளங்கைப் பக்கமாக ஏறக்குறைய 11 டிகிரி சாய்ந்திருப்பது இயல்பு. காலிஸ் முறிவில் அது புறங்கைப் பக்கமாகத் திரும்பிவிடும். நேர்ப்படத்தில் சுண்டுவிரல் பக்கமாக ஏறக்குறைய 22 டிகிரி சரிவு இருக்கும். ரேடியஸ் குட்டையாகிவிட்டதா, அல்னா நீண்டு இடிக்கிறதா என்பதும் மில்லிமீட்டரில் அளக்கப்படும். இந்த எண்கள் உங்கள் சீட்டில் எழுதப்பட்டுள்ளனவா என்று கேட்பதில் தவறில்லை.

வீட்டிலும் ஒரு பதிவு வைக்கலாம். மாதம் ஒருமுறை, அதே நாளில், வெளிச்சமான இடத்தில் இரு கைகளையும் மேசை மீது அருகருகே வைத்துக் கைபேசியில் படம் எடுக்கவும்: புறங்கை, உள்ளங்கை, இரு பக்கவாட்டு என நான்கு படங்கள். பின்னர் இரு உள்ளங்கைகளையும் வணக்கம் சொல்வது போலச் சேர்த்து முழங்கைகளை உயர்த்தி ஒரு படம். புறங்கைகளைச் சேர்த்து ஒரு படம். இவ்வாறு எடுத்த ஆறு படங்கள், நாங்கள் வெளிநோயாளிப் பிரிவில் கேட்கும் பத்துக் கேள்விகளுக்கு விடை கூறும். மருத்துவமனையில் கையைப் படம் எடுக்கும்போது உங்கள் ஒப்புதலைக் கேட்பர். முகம் தெரியாமல் எடுக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு.

கோணிய பின் என்ன செய்யலாம்

கோணிச் சேர்ந்த எல்லாக் கைகளுக்கும் அறுவை தேவையில்லை. முதுமையில், வலியின்றி அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறது என்றால் கோணலை அப்படியே விடலாம். 65 வயதைக் கடந்தவர்களில் பிளேட்டு வைத்தவர்களுக்கும் மாவுக்கட்டுடன் நின்றவர்களுக்கும் இடையே, ஓராண்டுக்குப் பின் கைப் பயன்பாட்டில் பெரிய வேறுபாடு இல்லை என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. பார்வைக்குக் கை கோணலாகத் தெரியும். வேலைக்குக் குறை இராது. உறவினர்களின் வற்புறுத்தலுக்காக மட்டும் அறுவைக்கு ஒப்ப வேண்டாம்.

மாறாக, உழைக்கும் வயதில் உள்ளவர், பிடிவலிமை இழந்தவர், கையைத் திருப்ப முடியாதவர், விரல்கள் மரத்துப்போகிறவர் ஆகியோருக்குத் திருத்த அறுவை பயன் தரும். கோணிச் சேர்ந்த இடத்தில் எலும்பை வெட்டி, சரியான கோணத்துக்குத் திறந்து, இடைவெளியில் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த சிறு துண்டை வைத்து, பிளேட்டால் பொருத்துவர். அதன் பின் பல வாரப் பயிற்சி தேவை. பயிற்சிக்கு வர இயலாதவர், அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறட்டும். திட்டத்தை அதற்கேற்ப மாற்றலாம்.

முறிவு நன்கு சேர்ந்து சில வாரங்கள் கழித்து, திடீரெனக் கட்டைவிரலைத் தூக்க முடியாமல் போவதுண்டு. முறிந்த இடத்தில் உரசி நாண் அறுந்திருக்கும். மற்றொரு நாணை மாற்றி இணைத்து இதைச் சரிசெய்யலாம். கை எரிச்சலுடன் பளபளத்து, வியர்த்து, தொட்டாலே வலித்தால் அது வலி நரம்புகளின் தனிக் கோளாறு. ‘எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டார் ஒதுக்காமல் விரைந்து அழைத்து வர வேண்டும். முடக்குவாதக் கையிலும் பக்கவாதக் கையிலும் தீக்காயத் தழும்பால் மடங்கிய கையிலும் இரவுத் தாங்கிக்குப் பெரும் பங்கு உண்டு. தாங்கியைக் கழற்றி அலமாரியில் வைத்த இரவுகள் அடுத்த அளவீட்டில் தெரிந்துவிடும்.

செல்ல வேண்டிய இடமும் எடுத்துச் செல்ல வேண்டியவையும்

முதல் எக்ஸ்ரேவுக்குக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி அரசு மருத்துவமனைகளையோ பெரியகுளம் மாவட்டத் தலைமை மருத்துவமனையையோ அணுகலாம். அறுவை தேவைப்படுவோர் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பப்படுவர். நுண்ணிய கை அறுவைகளுக்கு மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்கும், கை அறுவைக்கெனத் தனித் துறை உள்ள சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனைக்கும் பரிந்துரை பெறலாம். அந்த ஸ்டான்லியில்தான் 2018இல் இரு கைகளையும் இழந்த ஒருவருக்குக் கைமாற்று அறுவை நடந்தது. ஆண்டு வருமானம் ரூ.1,20,000க்கு மிகாத குடும்பத்தினர் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் கொண்டுவரவும். தமிழகச் சாலையில் விபத்து நேர்ந்திருந்தால் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அட்டை இல்லாதவர்க்கும் கட்டணமின்றி கிடைக்கும். வீட்டை விட்டு வர இயலாதவர்க்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சி வீட்டிலேயே அளிக்கப்படுகிறது. உங்கள் பகுதி சுகாதார செவிலியரிடம் கேட்கவும்.

எல்லைக்கு அப்பால், இடுக்கி மாவட்டத் தோட்டத்தில் வேலையின்போது விழுந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலில் சிகிச்சை பெற்ற மருத்துவமனையில், எங்கே, எப்போது, என்ன வேலையின்போது விழுந்தோம் என்பதைச் சரியாகக் கூறி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யவும். ‘வீட்டில் விழுந்ததாகச் சொல்லிவிடு’ என்று யாரேனும் கூறினால் அதற்கு இணங்க வேண்டாம். வேலையில் ஏற்பட்ட காயத்துக்கு இழப்பீடு பெறச் சட்டம் வழி செய்கிறது. கோரிக்கையை விபத்து நடந்த 2 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் மதிப்பிடும்போது முதல் நாள் எக்ஸ்ரேயும் அந்தப் பதிவும் இல்லையெனில், கோணல் இந்த விபத்தால் வந்தது என்று காட்டுவது கடினமாகிவிடும். எங்களிடம் வருவோர் பலரின் கையில் கட்டுப் போட்ட இடத்தின் துண்டுச் சீட்டுகூட இருப்பதில்லை.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான மதிப்பீடு, சிகிச்சை முடிந்து கையின் நிலை இனி மாறாது என்ற கட்டத்தில் செய்யப்படும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன்படி பல சலுகைகளுக்கு 40 விழுக்காடு தேவை. ஒரு மணிக்கட்டின் கோணல் மட்டும் பெரும்பாலும் அந்த அளவை எட்டுவதில்லை. விரல்களும் நரம்பும் சேர்ந்து பாதிக்கப்பட்டிருந்தால் எட்டக்கூடும். மதிப்பிடும் குழு கோணமானி அளவுகளையே கணக்கில் கொள்கிறது. எனவே முன்னர் எழுதிய அளவுகள் இங்கும் உதவும்.

எக்ஸ்ரே படங்களை மடிக்காமல், ஒரு பெரிய உறையில், தேதி வரிசையில் வைக்கவும். கைபேசியில் மட்டும் படம் கிடைத்திருந்தால் அதை வீட்டில் மற்றொருவரின் கைபேசிக்கும் அனுப்பி வைக்கவும். வரும்போது முதல் எக்ஸ்ரே, கட்டுப் போட்ட சீட்டு, உட்கொள்ளும் மருந்துகளின் அட்டைகள், ஆதார், காப்பீட்டு அட்டை ஆகியவற்றுடன் வரவும். கட்டுப் போட்டு இன்னும் மூன்று வாரம் ஆகவில்லை என்றால், வரிசையில் நிற்கும்போதே அதைச் செவிலியரிடம் சொல்லவும். அன்றே எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்ய அது உதவும்.